பழைய குழாய்க்கு உரிய கருவி

சிறு கசிவு ஒன்று சுவரை உடைக்கும் வேலையாக வளர்வது, பெரும்பாலும், பொருந்தாத கருவியை மாட்டித் திருகத் தொடங்கும்போதுதான். முனை மழுங்கிய நட்டு, பாதியில் ஒடிந்த நிப்பிள் என்னும் சிறு இணைப்புத் துண்டு, விரிசல் விட்ட எல்போ என்னும் வளைவு இணைப்பு ஆகிய மூன்றும் பழைய வீடுகளில் பிளம்பர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் சேதங்கள்; திருகும் விசை சேர வேண்டிய இடத்தில் சேராமல் வேறோர் இடத்தைத் தாக்கியதே இம்மூன்றுக்கும் பொதுவான காரணம். ஆகவே கருவியைத் தேர்வதற்கு முன், பழுதான பொருள் எந்த உலோகத்தால் ஆனது, அதன் மரை எந்த அளவினது, அது எதனால் இறுகிக் கிடக்கிறது என்னும் மூன்றையும் அறிந்துகொள்வது இன்றியமையாதது.

சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் இடையே உள்ள செவ்வாப்பேட்டை, இப்பொருளை ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற ஊர். சென்னையின் மேற்குப் புறத்தில் வளர்ந்துவரும் இத்தகைய ஊர்களில், கிணற்றை நம்பிக் கட்டப்பட்டுப் பின்னாளில் மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பும் சேர்க்கப்பட்ட பழைய வீடுகளும், பிளாஸ்டிக் பைப்புகளோடு எழுந்த புதிய மனைப்பிரிவு வீடுகளும் அடுத்தடுத்து இருப்பதால், பல தலைமுறைகளைச் சேர்ந்த குழாய்களை ஒரே பிளம்பர் ஒரே நாளில் கையாள வேண்டியிருக்கிறது. இவ்வூர் அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை, வடகிழக்கில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம், அண்டையிலுள்ள அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆகியவற்றால் கடைசல் தொழிலும் வார்ப்புத் தொழிலும் இப்பகுதியில் வேரூன்றியிருப்பது, கடையில் கிடைக்காத கருவியையும் உதிரிபாகத்தையும் செய்துகொள்ள வழியமைக்கிறது. இக்கட்டுரையில் நீர் பிடிக்கும் முனை குழாய் என்றும், நீர் வந்துசேரும் வழி பைப் என்றும் குறிக்கப்படுகின்றன.

கசியும் இடமே முதல் தடயம்

பழைய பித்தளைக் குழாய்களில் பெரும்பாலானவை திருகி மூடும் வகையைச் சேர்ந்தவை. இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரில் இயங்கிய கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்னும் பித்தளை வார்ப்பகம் 1845இல் காப்புரிமை பெற்றுத் தயாரிக்கத் தொடங்கிய இவ்வகையின் உள்ளமைப்பு, அடிப்படையில் இன்றும் மாறவில்லை. கைப்பிடியைத் திருப்பும்போது ஸ்பிண்டில் எனப்படும் மரையிட்ட தண்டு கீழிறங்கி, தன் நுனியில் உள்ள வாஷரைப் பித்தளை விளிம்பொன்றின்மீது அழுத்தி நீர்வழியை அடைக்கிறது. அந்த விளிம்புக்கு சீட் என்று பெயர். தண்டு மேலே வெளிப்படும் இடத்தில் நீர் ஏறாமல் தடுக்க, எண்ணெய் தோய்ந்த நூலையோ கிராஃபைட் பூசிய திரியையோ சுற்றி, அதன்மேல் கிளாண்டு நட்டு என்னும் சிறிய நட்டை இறுக்குவார்கள். ஸ்பிண்டிலைத் தாங்கும் மேற்பகுதி முழுவதும் ஓர் அறுகோணத் தலையோடு குழாயின் உடலில் திருகப்பட்டிருக்கும்.

இவ்வமைப்பை அறிந்தவருக்கு, நீர் கசியும் இடமே தேவையான கருவியைக் கூறிவிடும். மூடிய பிறகும் வாய்வழியே சொட்டினால் தேய்ந்தது வாஷர் அல்லது சீட். அதற்கு மேற்பகுதியின் அறுகோணத்தை முழுமையாகப் பற்றும் ஸ்பேனர் வேண்டும். திறந்திருக்கும்போது கைப்பிடியின் அடியில் நீர் ஊறினால் கிளாண்டு நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே போதும். அதற்குச் சிறிய ஸ்பேனர் ஒன்று மட்டுமே தேவை. குழாய் சுவரோடு சேரும் இடத்தில் ஈரம் தெரிந்தால் பழுது மரையில் இருப்பதால், குழாய் முழுவதையும் கழற்ற வேண்டும். பெரிய கருவிகளுக்கும் கூடுதல் எச்சரிக்கைக்கும் இடமளிப்பது இந்த மூன்றாம் நிலை மட்டுமே.

புதிய வாஷர் போட்ட சில நாள்களிலேயே மீண்டும் சொட்டத் தொடங்கும் குழாயில், சீட் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். சரியாக மூடாத குழாயில் அழுத்தத்தோடு பீறிடும் மெல்லிய நீரிழை, பித்தளை விளிம்பில் நாளடைவில் வாய்க்கால் போன்ற நுண்பள்ளத்தை அரித்துவிடுகிறது. அப்பள்ளத்தை எந்த ரப்பரும் முழுவதும் அடைக்காது. இதற்கென உள்ள சீட் கட்டர் என்னும் எளிய கருவியைக் குழாயின் மேற்பகுதி இருந்த இடத்தில் திருகிப் பொருத்தி, அதன் தட்டையான பல்வட்டை மெல்ல அழுத்திச் சில சுற்றுகள் சுழற்றினால், விளிம்பு மீண்டும் சமதளமாகும். இக்கருவி ஒன்று இருந்தால், வார்ப்பும் மரையும் நலமாயிருந்தும் சீட் பள்ளத்திற்காகப் பழைய இரும்புக்கடைக்குச் செல்லும் பித்தளைக் குழாய்கள் பலவும் பிழைக்கும். 20 துளிகள் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய் ஒரு நாளில் ஏறத்தாழ 4.3 லிட்டரையும், ஓர் ஆண்டில் 1,500 லிட்டருக்கும் மேற்பட்ட நீரையும் வீணாக்கும். 2019 கோடையில் பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றிச் சென்னை முழுவதும் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்ததை மறக்காத மக்களுக்கு இக்கணக்கின் எடை விளங்கும்.

அரை இஞ்சு எங்கே இருக்கிறது?

கடைக்காரர் அரை இஞ்சு என்று எடுத்துத் தரும் ஜி.ஐ. பைப்பை அளந்து பார்த்தால், எந்தப் பக்கத்திலும் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ., காணப்படாது. அதன் வெளிவிட்டம் சுமார் 21 மி.மீ.; உள்விட்டம் சுமார் 16 மி.மீ. அரை இஞ்சு என்பது நீர்வழியின் அளவைத் தோராயமாகக் குறிக்க ஏற்பட்ட பெயரளவு மட்டுமே. பொருந்துமா பொருந்தாதா என்பதைத் தீர்மானிப்பது, பைப்பின் முனையில் வெட்டப்பட்ட மரையாகும்.

அந்த மரையின் வரலாறு 1841இல் தொடங்குகிறது. ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர், மரைப்பற்களின் சரிவுகளுக்கு இடையே 55 பாகைக் கோணமும், ஒவ்வொரு விட்டத்திற்கும் அங்குலத்திற்கு இத்தனை பற்கள் என்ற கணக்கும் கொண்ட பொது ஒழுங்கை முன்வைத்தார். அவ்வொழுங்கிலிருந்து உருவான பிரிட்டிஷ் பைப் மரையே இந்தியாவிலும் நிலைபெற்று, பின்னர் ஐ.எஸ். 554 என்னும் இந்தியத் தரத்திலும் இடம்பெற்றது. அதன்படி அரை இஞ்சு மரையின் வெளிவிட்டம் 20.955 மி.மீ., முக்கால் இஞ்சுக்கு 26.441 மி.மீ., ஒரு இஞ்சுக்கு 33.249 மி.மீ.; முதல் இரண்டிலும் அங்குலத்திற்கு 14 பற்கள், மூன்றாவதில் 11 பற்கள். மெட்ரிக் முறையை ஏற்கும் சட்டம் இந்தியாவில் 1956இல் நிறைவேறி, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, எடையும் நீளமும் துணியும் எண்ணெயும் புதிய அளவுகளுக்கு மாறியபோதும், சுவருக்குள் புதைந்த பைப் மரை அங்குலத்திலேயே தங்கிவிட்டது. அதனாலேயே 60 ஆண்டுப் பழைய குழாயைக் கழற்றிய இடத்தில் இன்று வாங்கிய குழாயைத் திருக முடிகிறது.

மரையை அறிய விலையுயர்ந்த அளவுகோல் எதுவும் தேவையில்லை. மரையைச் சுற்றி ஒரு தாள் கீற்றை ஒருமுறை சுற்றி அளந்தால், அரை இஞ்சுக்கு ஏறத்தாழ 66 மி.மீ., முக்கால் இஞ்சுக்கு 83 மி.மீ., ஒரு இஞ்சுக்கு 104 மி.மீ. கிடைக்கும். ஐந்து பல் இடைவெளிகளை ஸ்கேலால் அளந்தால் 14 பல் மரையில் 9 மி.மீ. வரும், 11 பல் மரையில் 11.5 மி.மீ. வரும். அமெரிக்காவிலிருந்து வந்த பொருத்துபொருள்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அந்நாட்டு அரை இஞ்சு மரையிலும் அங்குலத்திற்கு 14 பற்களே இருப்பதால் அது நம் எல்போவில் சில சுற்றுகள் ஏறிவிடும், ஆனால் அதன் பற்கோணம் 60 பாகையாகவும் விட்டம் சற்று வேறாகவும் இருப்பதால் எவ்வளவு டெஃப்லான் டேப் சுற்றினாலும் கசிவு முழுமையாக நிற்பது அரிது.

நட்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. பழைய விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கிறதே அன்றி, வாயின் அகலத்தைக் குறிப்பதில்லை. அரை என்று பொறித்த ஸ்பேனரின் வாய் சுமார் 23.4 மி.மீ. அகலம் உடையது. அத்தகைய நட்டில் இன்றைய 23 மி.மீ. ஸ்பேனர் நுழையாது, 24 மி.மீ. ஸ்பேனர் நுழைந்தாலும் அரை மி.மீ.க்கு மேல் இடைவெளி விட்டு, விசை முழுவதையும் மூலைகளில் இறக்கி அவற்றை மழுக்கிவிடும். பித்தளை மென்மையான உலோகம் ஆதலால் ஒரே வழுக்கலில் அறுகோணம் வட்டமாகிவிடுவதும் உண்டு. இத்தகைய இடங்களில், அகலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்க்ரூ ஸ்பேனரை இடைவெளி சிறிதும் இல்லாமல் இறுக்கி வைத்து, அசையும் தாடை இருக்கும் பக்கமாகவே திருப்புவது பாதுகாப்பானது. அப்போதுதான் பளு உறுதியான நிலைத்தாடையில் விழும்.

பற்றுவதும் தாங்குவதும்

தட்டையான பக்கங்கள் இல்லாத உருண்டைப் பைப்பைப் பற்றுவதற்குப் பிறந்த கருவி பைப் ரெஞ்சு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்வொர்த் நிறுவனத்தில் பணியாற்றிய டேனியல் ஸ்டில்சன் 1869இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதன் மேல்தாடை உடலோடு இறுக்கமாகப் பிணைக்கப்படாமல் சிறிது ஆடும்படி விடப்பட்டிருப்பதே இதன் நுட்பம். கைப்பிடியை இழுக்கும்போது அத்தாடை சாய்ந்து பைப்பை நெருக்குவதால், இழுக்கும் விசை கூடக் கூடப் பிடியும் இறுகுகிறது. எதிர்த் திசையில் தள்ளினால் பிடி தளர்ந்து வழுக்கிவிடும். பைப்பைத் தாடையின் உட்புற வளைவு வரை முட்டவிடாமல், பற்களின் நடுப்பகுதியில் படுமாறு சிறிது இடைவெளி விட்டு மாட்டினால்தான் இந்தச் சாய்வுக்கு இடம் கிடைக்கும். பற்கள் உலோகத்தைக் கடித்துப் பிடிப்பதால், நட்டுகளிலும் குரோமியம் பூசிய குழாய்களிலும் பைப் ரெஞ்சைப் பயன்படுத்தக் கூடாது. பூச்சுள்ள பொருளுக்கு வார்போன்ற பட்டையால் சுற்றிப் பிடிக்கும் பட்டை ரெஞ்சு உண்டு.

விசையின் கணக்கு எளியது. கருவியின் நீளமும் கை தரும் விசையும் பெருகித் திருப்புவிசையாகின்றன. 250 மி.மீ. நீள ரெஞ்சின் நுனியில் 200 நியூட்டன் விசை கொடுத்தால் 50 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை கிடைக்கும், 450 மி.மீ. ரெஞ்சில் அதே கை 90 நியூட்டன் மீட்டரைத் தரும். இறுகிய மரை கழலாதபோது கைப்பிடியில் ஒரு பைப்பைச் செருகி நீளத்தைக் கூட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. அவ்வாறு கூட்டிய திருப்புவிசை மரையில் நின்றுவிடுவதில்லை. அது எல்போ வழியாகச் சுவருக்குள் உள்ள பைப்புக்குச் சென்று, அங்குள்ள மிக மெலிந்த இடத்தைத் தேடி முறிக்கிறது.

அந்த மெலிந்த இடம் எது என்பதை அளவுகளே காட்டுகின்றன. ஐ.எஸ். 1239 தரத்தின்படி அரை இஞ்சு ஜி.ஐ. பைப்பின் சுவர்த்தடிமன் மெல்லிய வகையில் 2.0 மி.மீ., நடுத்தர வகையில் 2.6 மி.மீ. ஆகும். அதில் வெட்டப்படும் மரையின் ஆழம் 1.16 மி.மீ. ஆகவே மரையின் அடியில், மெல்லிய பைப்பில் 1 மி.மீ.க்கும் குறைவான இரும்பும், நடுத்தரப் பைப்பில் ஏறத்தாழ 1.4 மி.மீ. இரும்புமே எஞ்சுகின்றன. மரை வெட்டும் டை, துருவைத் தடுக்கும் துத்தநாகப் பூச்சையும் சேர்த்துச் சீவிவிடுவதால், பைப்பின் மிக மெல்லிய இடமே பாதுகாப்பு இல்லாத இடமாகவும் ஆகிவிடுகிறது. பழைய இணைப்புகளில் எப்போதும் இரண்டு ரெஞ்சுகள் வேண்டும் என்று தேர்ந்த பிளம்பர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே: ஒன்று எல்போவை அசையாமல் தாங்க, மற்றொன்று குழாயை எதிர்த்திசையில் திருப்ப, இரண்டுக்கும் இடைப்பட்ட மரைக்கு அப்பால் விசை செல்வதில்லை.

கை நுழையாத இடங்களுக்கென்றே தனிக் கருவிகள் உள்ளன. வாஷ்பேசினுக்கு அடியில், சுவருக்கும் பீங்கானுக்கும் நடுவே மறைந்திருக்கும் பேக் நட்டைச் சாதாரண ஸ்பேனரால் எட்டவே முடியாது. நீண்ட தண்டின் முனையில் இருபுறமும் சாயும் கொக்கித் தாடை கொண்ட பேசின் ரெஞ்சு அதை நேர்கீழிருந்து பற்றித் திருப்பும். இக்கருவி இல்லாமல் உளியால் தட்டி நட்டைக் கழற்ற முயன்று பீங்கானையே உடைத்துவிடும் நிகழ்வுகள், கருவியின் விலைக்கும் பேசினின் விலைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்துகின்றன.

இறுக்கத்தின் வேதியியல்

பழைய மரை இறுகிக் கிடப்பதற்குத் துரு, உப்புப் படிவு, பழைய பூச்சு என மூன்று காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பித்தளையும் இரும்பும் நீரில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அவற்றிடையே மின்வேதிவினை நிகழ்ந்து, இரும்பும் அதன்மேலுள்ள துத்தநாகமும் விரைந்து அரிக்கப்படுகின்றன. இவ்வாறு உண்டாகும் துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்வதால், மரைப்பற்களின் இடைவெளிகள் இறுக நிரம்பிவிடுகின்றன. துருவுக்கு, நுண்ணிடுக்குகளில் ஊடுருவும் எண்ணெய் ஏற்றது; அது கிடைக்காதபோது மண்ணெண்ணெயை ஊற்றி ஓரிரவு ஊறவிடும் பழக்கமும் பயன்தரும்.

கடினநீர் விட்டுச்செல்லும் வெண்படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் ஆகும். எண்ணெய் இதை அசைக்காது, அமிலமே கரைக்கும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் கழற்றியெடுத்த பித்தளைப் பாகங்களைத் தூய்மையாக்கப் போதுமானவை. எனினும் ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சையும் அமிலம் கரைத்துவிடும் என்பதால், பொருத்தியிருக்கும் இணைப்பின்மீது அதை ஊற்றி ஊறவிடக் கூடாது. முன்னாளில் மரை கசியாதிருக்கச் சணலைச் சுற்றி அதன்மேல் வெள்ளைப் பூச்சைத் தடவினார்கள். காய்ந்து கல்லாகிப் போன அந்தப் பூச்சுக்கு வெப்பமே ஏற்ற வழி.

வெப்பத்தைப் பயன்படுத்தும்போது எந்த உலோகம் உள்ளே இருக்கிறது என்பதைக் கவனித்தாக வேண்டும். ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் உயரும்போது பித்தளை தன் அளவில் பத்து இலட்சத்தில் சுமார் 19 பங்கும், எஃகு சுமார் 12 பங்கும் விரிவடைகின்றன. 20 மி.மீ. விட்டமுள்ள இணைப்பை 100 பாகை சூடாக்கினால் பித்தளை 0.038 மி.மீ. விரியும், எஃகு 0.024 மி.மீ. மட்டுமே விரியும். இரும்பு எல்போவுக்குள் பித்தளைக் குழாய் இருக்கும் வழக்கமான அமைப்பில், சூடாக இருக்கும்போது இணைப்பு மேலும் இறுகவே செய்யும். ஆறிச் சுருங்கும்போதுதான், இடையே நொறுங்கிய துருவும் பூச்சும் வழிவிடும். எனவே சூடாக்கி, ஆறவிட்டு, எண்ணெய் இட்ட பிறகு திருகுவதே முறை. முதலில் இறுக்கும் திசையில் மிகச் சிறிதளவும், பிறகு கழற்றும் திசையிலும் மாற்றி மாற்றி அசைப்பது துருவின் பிடியை உடைக்க உதவும். அருகில் பி.வி.சி. பைப் இணைந்திருந்தால் நெருப்பைக் கொண்டுசெல்லவே கூடாது. சுமார் 80 பாகையிலேயே அது இளகத் தொடங்கும்.

ஒடிந்த துண்டு

உப்புச் செறிந்த நீர் பித்தளைக்கு வேறொரு தீங்கையும் செய்கிறது. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையிலிருந்து குளோரைடு மிக்க நீர் துத்தநாகத்தை மெல்ல மெல்லப் பிரித்தெடுத்துவிடுவதால், வடிவம் மாறாமல் இருந்தாலும் உட்பகுதி செந்நிறமான, துளைகள் நிறைந்த, வலுவற்ற செம்பாக எஞ்சுகிறது. நிலத்தடி நீரை மிகையாக இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்துள்ள மீஞ்சூர்ப் பகுதியைப் போன்ற இடங்களில் இந்த அரிப்புக்கு வாய்ப்பு கூடுதல். இவ்வாறு நலிந்த குழாயைத் திருகினால், உடல் கையோடு வந்துவிட, மரைப்பகுதி மட்டும் வளையமாக எல்போவுக்குள் தங்கிவிடும்.

அந்த வளையத்தை எடுக்க, இடப்பக்கம் சுழலும் கூர்வரிகள் கொண்ட கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டர் உண்டு. கழற்றும் திசையில் அதைச் சுழற்றும்போது அதன் வரிகள் வளையத்தின் உட்புறத்தில் ஆழப் பதிந்து, அதையும் சேர்த்துத் திருப்பி வெளியே கொண்டுவரும். வளையம் மிகவும் நலிந்திருந்தால் கூம்பு அதை விரித்து மேலும் இறுக்கிவிடக்கூடும் என்பதால், அப்போது கைவேலையே சிறந்தது: துணி சுற்றிய ஹேக்சா பிளேடால் வளையத்தின் உட்புறத்தில் அருகருகே இரண்டு கீறல்கள் இட்டு, இடைப்பட்ட துண்டைச் சிறு உளியால் உள்நோக்கித் தட்டி மடக்கினால், வளையம் முழுவதும் தளர்ந்துவிடும். பற்களின் ஆழம் 1.16 மி.மீ. என்பதை அறிந்தவர், எல்போவின் மரையைத் தொடும் முன்பே அறுப்பதை நிறுத்துவார். இறுதியாக மரை வெட்டும் டேப் என்னும் கருவியின் அரை இஞ்சு அளவை உள்ளே ஓட்டிப் பற்களைத் துலக்கினால், சுவரை உடைக்காமலேயே இணைப்பு மீண்டும் புதுமை பெறும்.

கருவியும் பொருளும் சேர்ந்தே பிறக்க வேண்டும்

சென்னைப் பாரிமுனையைச் சுற்றியுள்ள இரும்புக்கடைத் தெருக்களில் தேடியும் கிடைக்காத ஸ்பேனரை, பழைய நட்டை மாதிரியாகக் கொடுத்து லேத் பட்டறையில் செய்துகொள்ள முடியும். தேய்ந்த ஸ்பிண்டிலையும் அவ்வாறே கடைந்து பெறலாம். இத்தகைய பட்டறைகள் சூழ்ந்த மாவட்டத்தில் வாழ்வது பெரும் வாய்ப்பு. ஆயினும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கருவியைக் கடைந்துகொண்டிருப்பது நிலையான தீர்வாகாது. நிலையான தீர்வுக்கு நல்ல முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே உருவாகியிருக்கிறது.

1970களில் யுனிசெஃப் உதவியோடு, ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் நிறுவனத்தின் சென்னைப் பிரிவின் பங்களிப்பில் உருவாகிக் கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதிக்கப்பட்ட இந்தியா மார்க் 2 கைப்பம்பு, உலகின் பல நாடுகளில் குடிநீர் தந்துகொண்டிருக்கிறது. அதற்கு ஐ.எஸ். 9301 என்னும் தரம் வகுக்கப்பட்டதால் எந்த ஆலையில் செய்த பாகமும் மற்றோர் ஆலையின் பம்பில் பொருந்தியது. பைப்பைத் தூக்கிப் பிடிக்கும் கவ்வி, இணைப்பைக் கழற்றும் ஸ்பேனர், சங்கிலியைத் தாங்கும் துணைக்கருவி என அதற்கென்றே தனிக் கருவித் தொகுதியும் வகுக்கப்பட்டது. எனினும் அடியிலுள்ள உருளையைப் பழுதுபார்க்க 32 மி.மீ. பைப்புகள் முழுவதையும் மேலே இழுக்க வேண்டியிருந்ததால், குழுவும் வண்டியும் வரும்வரை கிராமங்கள் காத்திருந்தன. அடுத்து வந்த மார்க் 3 பம்பில் பைப்பை 65 மி.மீ. ஆக அகலப்படுத்தியதன்மூலம், பைப்பைத் தொடாமலேயே உள்ளிருக்கும் பிஸ்டனையும் அடிவால்வையும் வெளியே எடுக்க முடிந்தது. சில கருவிகளோடு உள்ளூர்க்காரரே பழுதுபார்க்கும் நிலை பிறந்தது. பழுதுநீக்கும் கருவியை மனத்தில் கொண்டு பொருளின் வடிவத்தையே மாற்றிய செயல் இது.

வீட்டுக் குழாய்களில் இந்த அறிவு பின்னோக்கிச் செல்கிறது. பழைய பித்தளைக் குழாயை இரண்டு ஸ்பேனர்களால் முழுமையாகப் பிரிக்கலாம். அதன் வாஷர் எந்தத் தெருக்கடையிலும் கிடைக்கும். இன்று பரவலாகிவரும் கால் சுற்றுக் குழாய்களில் வாஷருக்குப் பதிலாகப் பீங்கான் தகடுகள் அடங்கிய கார்ட்ரிட்ஜ் உள்ளது; அது நீண்டகாலம் உழைப்பது உண்மையே. ஆனால் சுவரோடு சேரும் மரை தரத்திற்கு உட்பட்டிருக்க, உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜின் நீளமும் பற்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், சில ஆண்டுகளில் அந்த மாதிரி நின்றுபோனால் நல்ல உடலையும் சேர்த்து எறிய வேண்டியிருக்கிறது.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான முயற்சியைத் தொடங்கியபோது, வேளாண் கருவிகள், கைப்பேசி முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை முன்னிறுத்தியது. குடிநீரைக் காக்கும் குழாயும் அந்த அக்கறைக்குத் தகுதியுடையதே. கார்ட்ரிட்ஜின் அளவுகளைச் சில பொது வகைகளுக்குள் கொண்டுவருவதும், எந்தக் கருவி தேவை என்பதைப் பெட்டியின்மீதே அச்சிடுவதும் தயாரிப்பாளருக்குப் பெரும் செலவு வைப்பவை அல்ல. வீட்டாரின் கடமை அதனினும் எளியது: சுவரைப் பூசும் முன் பைப் செல்லும் வழியைப் படம் எடுத்துவைப்பதும், பொருத்திய மரையின் அளவையும் ஆண்டையும் குறித்துவைப்பதும், இரண்டு ரெஞ்சுகளையும் ஒரு நல்ல ஸ்க்ரூ ஸ்பேனரையும் வீட்டில் வைத்திருப்பதும் போதும். விட்வொர்த் வகுத்த மரை 180 ஆண்டுகளுக்குப் பின்னும் செவ்வாப்பேட்டை வீட்டுச் சுவரில் புதிய குழாயை ஏற்றுக்கொள்கிறது என்றால், அதற்குக் காரணம் அனைவரும் ஓர் அளவுக்கு உடன்பட்டதே. அந்த உடன்பாடு குழாயின் உட்பாகங்களுக்கும் விரிவடைந்தால், உரிய கருவியைத் தேடும் அலைச்சல் அடுத்த தலைமுறைக்கு இருக்காது.